சாம்பிராணிப் புகையும் மரச்சிலந்தியும்

எங்கள் வீட்டில் நாய் இல்லை, பூனை இல்லை, சிலந்தி இருந்தது. ஏதோ ஒட்டடைச் சிலந்தி என்று நினைத்துவிடாதீர்கள். விரித்த கை அகலம் இருக்கும். சாம்பல் உடம்பில் வெள்ளைக் கோலம், முன்னங்கால்களின் அடியில் பளீரென்று மஞ்சள். கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த நான், மாணவிகளோடு ஜவ்வாது மலைக்குப் போனபோது வெட்டிப் போட்ட மரத்தின் பொந்திலிருந்து கொண்டுவந்தது. "ஊருக்குப் போனா பலாப்பழம் வாங்கிட்டு வருவாங்க, நீ இதைக் கொண்டு வந்திருக்கே" என்று என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பெருங்களத்தூரில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம்.

மரத்தில் வாழும் இந்தச் சாதி லேசுப்பட்டதல்ல. அசையாமல் கிடக்கும், கிடக்கும், அப்புறம் கண்ணை மூடித் திறப்பதற்குள் எதிர்ச்சுவரில் நிற்கும். கடித்தால் ஆள் சாவதில்லை என்று படித்திருந்தேன். ஆனால் வலியும் தசைப்பிடிப்பும் பெரியவர்களையே புரட்டி எடுத்துவிடும். கைக்குழந்தையைக் கடித்தால் என்ன ஆகும் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. அதனால் கையால் தொடுகிற பேச்சே கிடையாது. பெட்டிக்கடை பிளாஸ்டிக் மிட்டாய் பாட்டில் ஒன்றில் மரப்பட்டையை நிமிர்த்தி வைத்து, காய்ச்சிய ஊசியால் சுற்றிலும் காற்றுத் துளை போட்டேன். திருகு மூடி, அதற்கு மேல் சைக்கிள் டியூபால் ஒரு கட்டு. கரப்பான் போடுவதென்றால் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு நீள இடுக்கியால்தான் போடுவேன். வீட்டுக்கே ஒரு சட்டம் வைத்திருந்தேன்: வெளியே வந்துவிட்டால் துரத்தக் கூடாது, அடிக்கக் கூடாது, மேலே ஏறினால் உதறவே கூடாது.

மகள் பிறந்ததும் என் கணவரின் அக்கா கேளம்பாக்கத்திலிருந்து உதவிக்கு வந்தார். வாய் என்றால் அப்படி ஒரு வாய்.

"இன்னாடி இது, பச்சப்புள்ள கீற வூட்ல பூச்சிய வளத்துகினு! உங்க காலேஜுல வேற வேலயே குடுக்கலயா?"

"பாட்டிலைத் தொடாதீங்கக்கா, அது போதும்."

"நான் ஏன் தொடறேன்? எனக்கு வேற வேல இல்ல?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனால் காலை நீட்டி உட்கார்ந்து அவர் குழந்தையைக் குளிப்பாட்டினால் அழுகைச் சத்தமே கேட்காது. வாயை மூடிக்கொள்வேன். போகப் போக அவரே பாட்டில் பக்கம் குனிந்து, "இன்னா மகாராணி, துன்னியா?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

அந்தப் பிரியம்தான் வினையாகிவிட்டது. குழந்தை குளித்ததும் சாம்பிராணி போடுவார். குழந்தையின் தலைக்கு, தூளிக்கு, பீரோ மூலைக்கு என்று அவர் புகை காட்டாத இடம் கிடையாது. அன்று காலை நான் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். வாயில்லாத ஜீவன், அதற்கும் கொஞ்சம் காட்டுவோமே என்று புண்ணியவதி பாட்டிலைத் தூளிக்குப் பக்கத்தில் இறக்கி வைத்து, கட்டை அவிழ்த்து, மூடியையும் திறந்துவிட்டார்.

கீழேயிருந்து அவர் குரல் வந்தது. "ஏம்மா, இங்க வா. ஓடி வராத, மெதுவா வா."

அவர் அப்படி மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. ஈரத்துணியை அப்படியே போட்டுவிட்டு இறங்கினேன். தூளியின் விளிம்பைப் பிடித்தபடி அக்கா சிலையாக நின்றிருந்தார். அந்தக் கையில், மணிக்கட்டுக்கு மேல், சிலந்தி. நேர் கீழே என் மகள் விழித்துக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருந்தாள்.

குழந்தையைத் தூக்கப் போனேன். "தூளியத் தொடாத, ஆடும்" என்றார்.

"கடிச்சுதாக்கா?"

"அதெல்லாம் இல்ல. நீ உன் வேலயப் பாரு."

அந்தப் பதிலில்தான் எனக்கு உயிரே வந்தது. அகல வாய் பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலந்தியின் மேல் கவிழ்த்தேன். காலண்டர் அட்டையை அடியில் மெல்ல நுழைத்து அப்படியே தூக்கினேன். அக்காவின் கை ஒரு இம்மி நகரவில்லை. மூடி போட்டு முடித்த பிறகுதான் அவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். மணிக்கட்டில் இரண்டு சிவப்புப் புள்ளிகள். சுற்றிலும் வீங்க ஆரம்பித்திருந்தது.

குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அவரை ஆட்டோவில் ஏற்றித் தாம்பரத்துக்குப் பறந்தேன். வழியெல்லாம் கத்தினேன், அழுதேன். "எப்பக்கா கடிச்சுது?"

"ஏறின ஒடனே."

"அப்புறம் ஏன் இல்லேன்னு சொன்னீங்க?"

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு என்னை முறைத்தார். "கடிச்சுதுன்னா உன் கை நடுங்கும். நடுங்கினா அது புள்ள மேல வுழும். இத்த வேற வெளக்கணுமா?"

டாக்டர் ஊசி போட்டு அனுப்பினார். தசைப்பிடிப்பு அத்தனை சீக்கிரம் விடவில்லை, டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் விரல்கள் இழுத்துக்கொண்டன. சிலந்தியைக் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். வீட்டில் நான்தான் அக்காவுக்குத் தலை வாரினேன், சோறு பிசைந்து ஊட்டினேன். உப்பு இல்லை, காரம் இல்லை என்று ஒவ்வொரு வாய்க்கும் ஒரு திட்டு. நன்றி சொல்ல வாயெடுத்தாலே, "போடி, ரசத்த ஊத்து" என்பார். எழுதுவதில் ஒரு சௌகரியம், அவரால் குறுக்கே பேச முடியாது. என் பிள்ளை உங்களால் நல்லபடியாக இருக்கிறாள், அக்கா. ரொம்ப நன்றி.