இடது பக்கக் கதவு

போன வாரம் சலூனில் காத்திருந்தபோது, பக்கத்தில் இருந்தவரின் கைப்பேசியில் ஒரு காணொளி ஓடியது. இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார்கள் இரண்டை நிறுத்திவைத்து ஒருவர் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். ரைடு, சவுண்டு, பில்டு குவாலிட்டி, எல்லாவற்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க். கடைசியில் கதவைத் திறந்து சாத்தினார். டப்பென்று கனமாக ஒரு சத்தம். ‘இதாங்க குவாலிட்டி’ என்றார். என் முறை வந்துவிட்டது. எனக்கு அடுத்தவரை உட்காரச் சொல்லிவிட்டேன்.

அந்த மார்க் போடுகிற வேலையை நானும் பார்த்தவன்தான். படிப்பு முடிந்து திண்டிவனம் பைபாஸில் செல்வராஜ் அண்ணனின் பழைய கார் ஷெட்டில் சேர்ந்தேன். அவருக்கு விழுப்புரத்திலும் ஒரு ஷெட் உண்டு. வாங்க வருபவர்களை வண்டியில் ஏற்றி, ஓட்டிக் காட்டி, நாலு வார்த்தை நல்லதாகச் சொல்வது என் வேலை. எனக்கோ வாய் கொஞ்சம் நீளம். எஞ்சின் சத்தத்தை வைத்தே வண்டியின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவேன் என்று ஒரு நினைப்பு. ஷெட்டுக்குள் எப்போதும் பாலிஷ் வாடையும் எலுமிச்சை சென்ட் வாடையும் கலந்து அடிக்கும். எலுமிச்சை எதற்கென்றால், பழைய வண்டிக்குள் இருக்கிற வேறு எந்த வாடையும் தெரியாமல் இருக்கத்தான்.

ஜமால் பாய் வந்த நாளிலும் அந்த வாடை இருந்தது. கோட்டக்குப்பத்துக்காரர். துபாயில் பெரிய வீடொன்றில் பல வருஷம் டிரைவராக இருந்தார். முதலாளியின் ஸ்போர்ட்ஸ் காரைத் துடைத்துத் துடைத்தே வயசு போய்விட்டது, ஒருநாளாவது நம்முடையது என்று ஒன்றை ஓட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. கூடவே பன்னிரண்டு வயது மகள் நஸ்ரின். எங்களிடம் அப்போது அந்த மாதிரி வண்டி இரண்டு இருந்தன. விழுப்புரத்தில் சாம்பல் நிற ஜெர்மன் வண்டி, திண்டிவனத்தில் சிவப்பு ஜப்பான் வண்டி. கம்பெனிப் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் இரண்டு கட்சிக்காரர்களும் என்னிடம் சண்டைக்கு வருவார்கள்.

காலையில் விழுப்புரத்திலிருந்து ஜெர்மன் வண்டியில் மூவரும் வந்தோம். பள்ளத்தில் இறங்கினாலும் உடம்பு அதிரவில்லை. கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டியை மூடுகிற சத்தம். ஆனால் எஞ்சின் வாயே திறக்கவில்லை. திண்டிவனம் வந்து சிவப்பு வண்டியை உறுமவிட்டதும் பாய் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும்தான். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஏறிக்கொண்டே போகிற சத்தம் அது. இடது பக்கக் கதவு முதல் தடவை மூடவில்லை, இரண்டாம் தடவை தகரம் மாதிரி மூடிக்கொண்டது.

பாய் என்னைப் பார்த்தார். “என்னா தம்பி, கதவு லொட லொடங்குது?”

“ஜப்பான் வண்டிக் கதவு அப்படித்தான் பாய். வெயிட்டு கொறைக்கத் தகட்டை மெல்லிசாப் போடுவான். எஞ்சினும் பாடியும் சுத்தம்.”

இதைச் சொன்னது நான்தான், யாரும் சொல்லச் சொல்லவில்லை. இந்த வண்டிக் கதவை அந்த வண்டிக் கதவோடு ஒப்பிட்டேனே தவிர, இதே வண்டியின் வலது பக்கக் கதவை ஒருதரம் திறந்து சாத்திப் பார்க்கத் தோன்றவில்லை.

சிவப்பு வண்டியில் திரும்பி விழுப்புரம் நோக்கிப் புறப்பட்டோம். பாய் ஓட்டினார். நான் இடது பக்கம், எனக்குப் பின்னால் நஸ்ரின். இந்த மாதிரி வண்டிகளில் பின்சீட் பெயருக்குத்தான், கால்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் பாய் மிதித்தார். முள் நூறைத் தாண்டியது.

“அத்தா, இங்க காத்து விசில் அடிக்குது” என்றாள் நஸ்ரின்.

என் காதுக்குப் பக்கத்தில் எனக்கும் கேட்டது. கதவின் மேல் விளிம்பில் கை வைத்தேன், என் விரல் உள்ளே போகிற அளவுக்கு இடைவெளி. கீழே பார்த்தால் ஒட்டிக்கொண்டிருந்தது. பாய் பக்கத்துக் கதவைப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை ஒரே சீரான கோடு. விபத்தில் இந்தப் பக்கம் நசுங்கிப் போய், வெட்டி ஒட்டிய வண்டி இது.

வாயைத் திறந்தால் வேலை போகும். அதைவிட, காலையில் சுத்தம் என்று சொன்ன வாயால் இதை எப்படிச் சொல்வது? வெட்கம் என்று ஒன்று இருக்கிறதே, அது விடவில்லை. இன்னும் கொஞ்ச தூரம்தான், விழுப்புரம் போய்விடலாம் என்று உட்கார்ந்திருந்தேன். பின்னால் அந்தப் பெண் உற்சாகமாக ஏதோ பாடிக்கொண்டு வந்தாள்.

விக்கிரவாண்டி நெருங்கும்போது முன்னால் போன லாரி சட்டென்று வேகத்தைக் குறைத்தது. பாய் பிரேக்கை மிதித்தார். வண்டி நேராக நிற்காமல் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போனது. தடுப்புக் கம்பி என் ஜன்னலோரம் வந்துவிட்டது. துபாய் ரோட்டில் பழகிய கை என்பதால் பாய் மீட்டுவிட்டார். நஸ்ரினின் பாட்டு நின்றிருந்தது.

“ஓரங்கட்டுங்க பாய்” என்றேன்.

மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலைக் கொல்லை ஓரமாக நிறுத்தினார். என் சட்டைப் பையில் கைக்குட்டையில் சுற்றிய காந்தம் ஒன்று எப்போதும் இருக்கும். தகடு இருந்தால் ஒட்டும், பட்டி பூசி மறைத்திருந்தால் விழுந்துவிடும். ஷெட்டுக்கு வண்டி வாங்கும்போது அதை எடுப்போம், விற்கும்போது எடுக்க மாட்டோம். வலது பக்கம் வைத்தேன், ஒட்டியது. இடது பக்கம், நஸ்ரின் தலைக்கு நேராக வைத்தேன். வழுக்கிக்கொண்டு மண்ணில் விழுந்தது.

பாய் அதைக் குனிந்து எடுத்தார். “உனக்கு முன்னாலயே தெரியுமா?”

“காலையில தெரியாது பாய். கூட்டேரிப்பட்டு தாண்டித்தான் தெரிஞ்சிச்சு.”

“அங்கருந்து இங்க வரைக்கும் எம் பொண்ணு பாடிக்கினு வந்தா. நீ பேசாம வந்த.”

குரலை உயர்த்தவில்லை. காந்தத்தை என் கையில் வைத்தார். நாற்பதைத் தாண்டாமல் திண்டிவனம் திரும்பினோம். நஸ்ரினை வலது பக்கமாக நகர்ந்து உட்காரச் சொன்னார். ஷெட்டுக்கு முன்னால் இறங்கி, மகள் கையைப் பிடித்துக்கொண்டு புதுச்சேரி பஸ்ஸுக்கு நடந்துவிட்டார். ஜெர்மன் வண்டியும் வேண்டாம் என்றுவிட்டார். அதற்குப் பிறகு கோட்டக்குப்பம் கடைத்தெருவில் இரண்டு முறை எதிரில் வந்தார். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

உள்ளே போனதும் அண்ணன் கேட்டார். “என்னாடா, பாய் ஏன் வேணாம்னு போறாரு?”

“ரைடு கொஞ்சம் கடுசா இருக்காம்ணே. இடுப்பு வலிக்குதாம்.”

அப்படித்தான் சொன்னேன். பாயிடம் உண்மையைச் சொன்னதே பெரிய காரியம் என்று அன்றைக்கு எனக்கு ஒரு திருப்தி வேறு. அடுத்த மாதம் கடலூர்ப் பக்கமிருந்து புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்தது. சிவப்பு வண்டி அவர்களுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. சவுண்டு எப்படி என்று கணவர் கேட்டார், பிரமாதம் என்றேன். பாடி எப்படி என்று அவர் கேட்கவில்லை. பணம் கட்டி வண்டியை எடுத்துக்கொண்டு புறப்படும்போது அவர் மனைவி இடது பக்கம் ஏறிக் கதவை இழுத்தார், மூடவில்லை. இரண்டாம் தடவை நானே அழுத்திச் சாத்தினேன். அந்தப் பெண் கண்ணாடி வழியாக “தேங்க்ஸ்ங்க” என்றார்.

அந்த ஷெட் இப்போது இல்லை, பைபாஸை அகலப்படுத்தியபோது சர்வீஸ் ரோட்டுக்குள் போய்விட்டது. செல்வராஜ் அண்ணனும் காலமாகிவிட்டார். அவர் வைத்திருந்த ரிஜிஸ்டர் எங்கே போனதென்று அவர் வீட்டிலும் தெரியவில்லை. போய்க் கேட்டேன். வண்டி நம்பர் எனக்கு நினைவில்லை, அந்த ஜோடியின் பெயரை அன்றைக்கே கேட்டுக்கொள்ளவில்லை. அவர்கள் நன்றாக இருக்கிறார்களா என்று விசாரிக்க இனி ஓர் ஆளும் இல்லை.