தவளையின் மனைவி வகுப்பில் சேர்ந்தாள்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அவருக்குக் குடியிருப்பில் வைத்த பெயர் தவளை. பதினான்கு வருடமாகக் காலை ஐந்தரை மணிக்கு, வண்டிகள் நிறுத்தும் இடத்தில் குந்தி உட்கார்ந்து, கைகளைத் தரையில் ஊன்றிப் பக்கவாட்டில் ஊர்ந்து, எதிரில் இல்லாத ஒருவனின் கணுக்காலை வாரிவிடுவார். சிலாட் என்ற சண்டைக் கலையில் புலியைப் பார்த்து அமைத்த முறை அது. கப்பல் சமையலறையில் வேலை பார்த்த காலத்தில், கூட இருந்த ஒருவர் சொல்லிக்கொடுத்தது. புலி என்று இவரும் சொல்லிப் பார்த்தார், யார் கேட்டார்கள்?

அதில் அவருக்கு வருத்தமில்லை. கராத்தே தெருவுக்குத் தெரு இருக்கிறது, இது தன் ஒருவனிடம்தான் இருக்கிறது என்று ஒரு தனிக் கர்வம்.

அந்தக் கர்வத்தில் மண் அள்ளிப் போட்டது ஒரு வீடியோ. எங்கோ ஒரு பெண் தரையோடு தரையாகச் சுழன்று, தன்னைப்போல் இரண்டு மடங்கு ஆளைச் சாய்த்தாள். லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். மூன்றே மாதத்தில் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த ஜிம்மில் சிலாட் வகுப்பு தொடங்கிவிட்டது. சொல்லிக்கொடுப்பவன் எங்கோ போய் நாற்பது நாள் பயிற்சி எடுத்து வந்த இளைஞன்.

"நாப்பது நாள்!" என்று லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்திடம் புலம்பினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி புதுக் கறுப்புக் கால்சட்டையோடு வீட்டுக்கு வந்தாள்.

"ஜிம்ல சேந்துட்டேங்க. நீங்க செய்வீங்களே, அதேதான்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"பதினாலு வருஷமா வீட்டுலயே ஒருத்தன் இருக்கேன். என்கிட்ட கேக்கணும்னு தோணலியா?"

"ஒரு நாளாவது வா, கத்துக்கன்னு கூப்பிட்டீங்களா? நான் கீழ இறங்கி வந்தாலே, இவ ஏன் வந்தான்னு பாப்பீங்க."

உண்மைதான்.

அன்று முதல் சாப்பாட்டு நேரத்தில் வாய்க்கு வாய் மாஸ்டர்தான். மாஸ்டர் இடுப்பை இறக்கச் சொன்னாரு, மாஸ்டர் மூச்சை விடச் சொன்னாரு. இவருக்குச் சோறு இறங்கவில்லை. இருபத்தாறு வயசுப் பயல், அவன் என்ன மாஸ்டர்?

பத்தாம் நாள், வீட்டுச் சாவியைக் கொடுக்கிற சாக்கில் ஜிம்முக்கே போய்விட்டார். வாசலில் முப்பது ஜோடி செருப்பு. உள்ளே மாஸ்டர் காலை வாரிக் காட்டிக்கொண்டிருந்தான்.

"எடை பூரா குதிகால்ல நிக்குது! அப்படி நின்னா நீதான் விழுவ!"

தன் குரல்தான் என்பது கத்திய பிறகே அவருக்கு உறைத்தது.

"வந்து காட்டுங்க சார்," என்றான் அவன். கிண்டலாகச் சொல்லவில்லை.

குந்தி உட்கார்ந்தார். கண் மூடித் திறப்பதற்குள் மாஸ்டர் மல்லாந்து கிடந்தான். வகுப்பே கைதட்டியது. அவன் முகம் சுண்டிப்போவதைப் பார்க்கத்தான் இவர் காத்திருந்தார். அவனோ பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு எழுந்தான்.

"இத்தனை நாள் எங்க சார் இருந்தீங்க? ஞாயித்துக்கிழமை நீங்க கிளாஸ் எடுங்களேன்!"

இவர் கண் மனைவியைத் தேடியது. அவள் அவனைப் பார்த்து, "அடி பட்டுடுச்சா மாஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். வழியெல்லாம் மனைவிக்கு நாலடி முன்னாலேயே நடந்தார்.

"அந்தக் கால் வாரல எனக்கும் சொல்லித் தாங்க," என்றாள் அவள்.

"உன் மாஸ்டர்கிட்டயே கேளு."

"உங்ககிட்டதான் கேக்கறேன்."

சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டுக் கூடத்திலேயே பழக ஆரம்பித்தார்கள். மூன்று வாரம் போயிருக்கும். ஒரு நாள் அவள் அவர் முழங்காலுக்குப் பின்னால் கையைக் கொடுத்து எப்படியோ திருப்பினாள். பொத்தென்று விழுந்தார். அவருக்குத் தெரியாத பிடி அது.

"இது யாரு சொல்லிக் குடுத்தது?"

"மாஸ்டர்தான்."

படுத்தபடியே மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை போடு," என்றார் கடைசியில். "மெதுவா. நீ கைய எங்க வைக்கிறேன்னு பாக்கணும்."