போர் குழாயில் நூறு வோல்ட்

1. மங்கல்

மழை பொய்த்த வருஷத்து மார்கழி. எரியோடு பக்கத்துக் கோழிப்பண்ணையிலிருந்து செபஸ்தி போன் செய்தார். “அண்ணே, பல்பெல்லாம் மினுக்குன்னு கெடக்கு. குஞ்சு குளுருல ஒண்ணு மேல ஒண்ணு ஏறிச் சாகுது. செத்த வந்துட்டுப் போங்க.”

திண்டுக்கல்லிலிருந்து வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் வெடித்த மண். பனைகள்கூடத் தாகத்தில் நிற்பதுபோல் இருந்தது.

ஷெட்டுக்குள் சூட்டுக்காக எட்டு குண்டு பல்புகள், ஒவ்வொன்றும் இருநூறு வாட்ஸ். எல்லாம் அணையப்போகும் தணல்போல எரிந்தன. பல்புக்கு வரும் வோல்டேஜை மீட்டர் வைத்துப் பார்த்தேன். 130. ரோட்டோர மீட்டர் பெட்டியில் 230 சரியாக இருந்தது. நடுவில் நூறு எங்கே போனது?

ஒயரைப் பின்தொடர்ந்தேன். மீட்டர் பெட்டியிலிருந்து இரண்டு கம்பிகள் செபஸ்தியின் அண்ணன் அருளப்பன் காட்டைத் தாண்டி வர வேண்டும். கரண்டைக் கொண்டுவருகிற ஃபேஸ் மட்டும் வந்தது. கரண்டு திரும்பிப் போகிற நியூட்ரல், தென்னை மட்டை விழுந்து அறுந்து கிடந்தது. பங்கு பிரித்ததில் அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. ஒட்டுப்போட அருளப்பன் காட்டுக்குள் விடவில்லை. செபஸ்தி நியூட்ரலைத் தன் போர்வெல்லின் இரும்புக் குழாயில் சுற்றிவிட்டார். இந்தப் பக்கத்தில் பலரும் செய்கிற வேலைதான். கரண்டு பூமி வழியாகத் திரும்பிப் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. போகும். ஆனால் பூமி சும்மா விடாது.

ஈரம் இருந்தவரை பல்புகள் நன்றாகவே எரிந்தன. மண் காயக் காய, கரண்டைத் தடுக்கும் அதன் ரெசிஸ்டன்ஸ் ஏறிவிட்டது.

2. கணக்கு

கிளாம்ப் மீட்டரைக் குழாய்க்குப் போகும் ஒயரில் மாட்டினேன். ஐந்து ஆம்ப்ஸ். தள்ளிப் போய் ஒரு கடப்பாரையை அடித்து, அதற்கும் குழாய்க்கும் நடுவே அளந்தேன். நூறு வோல்ட். காணாமல் போன நூறு அங்கே இருந்தது.

வோல்ட்டை ஆம்ப்ஸால் வகுத்தால் ஓம். நூறை ஐந்தால் வகுக்க, அந்த மண்ணின் ரெசிஸ்டன்ஸ் இருபது ஓம். வோல்ட்டையும் ஆம்ப்ஸையும் பெருக்கினால் வாட்ஸ். ஐந்நூறு வாட்ஸ் மண்ணைச் சுட்டுக்கொண்டிருந்தது. குஞ்சுகளுக்குக் கிடைத்தது 130ஐ ஐந்தால் பெருக்கியது, வெறும் 650. ஆயிரத்து அறுநூறு கிடைக்க வேண்டிய இடம்.

அந்தக் குழாயிலிருந்து ஷெட்டுக்கு இரும்புப் பைப் போகிறது. பைப்பின் முனையில் குஞ்சுகளுக்குத் தண்ணீர் பிடிக்கும் டேப். பிடிப்பவர் செபஸ்தியின் மனைவி சகாயம்.

“சுர்ருன்னு இழுக்குதுன்னு சொன்னேண்ணே,” என்றார் சகாயம். “ஒனக்கு ஒடம்புல சத்து இல்ல, முட்டை தின்னுன்னாரு. கோழிப்பண்ணைக்காரரு பேச்சப் பாருங்க.”

“அவ ரப்பர் செருப்புதாண்ணே போட்டிருப்பா,” என்றார் செபஸ்தி.

“செருப்பு அந்து போனா? ஈரக் காலுக்கு ஆயிரம் ஓம்னு வையுங்க. நூறு வோல்ட்ட வகுத்துப் பாருங்க. ஆம்ப்ஸுல பத்துல ஒரு பங்கு. நெஞ்ச நிறுத்த அம்புட்டுப் போதும்.”

குழாயிலிருந்து ஒயரை அவிழ்த்தேன். ஷெட் இருட்டானது. குஞ்சுகளின் சத்தம் உயர்ந்தது.

நேரே அருளப்பனிடம் போனேன். அவர் சோளத்தட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். “பூமிக்கே சீரியல் செட்டு போடுறானா எந் தம்பி? நல்லா எரியட்டும்.”

“விளையாட்டு இல்லீங்க. தொட்டா ஆளு போயிரும்.”

“அவன வந்து கேக்கச் சொல்லுப்பா. அவன் வாயால. கம்பி ஒன்னோடதா, அவனோடதா?”

செபஸ்தியிடம் சொன்னேன். “அவங்கிட்டயா? குஞ்சு அம்புட்டும் செத்தாலும் போக மாட்டேன்,” என்றார்.

3. நான்கு பல்புகள்

ஆனால் குஞ்சுகள் சாவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. நான் கிளம்பிப் போனதும் ஒயரைத் திரும்பக் குழாயில் சுற்றிவிட்டார். வெளிச்சம் போதவில்லை என்று இன்னும் நான்கு பல்புகளை மாட்டினார். மங்கலாக எரிந்தால் பல்பைக் கூட்டுவது என்பது எல்லாருக்கும் தோன்றுகிற யோசனை.

அந்தக் கணக்கைப் பிறகு போட்டேன். ஆறரை ஆம்ப்ஸ். இருபது ஓமால் பெருக்கினால் குழாயில் 130 வோல்ட். பல்புகளுக்கு மிச்சம் நூறு. நூறு இன்டு ஆறரை, அதே 650 வாட்ஸ். நான்கு பல்பு கூட்டியும் குஞ்சுகளுக்கு ஒரு வாட்ஸ்கூடச் சூடு ஏறவில்லை. ஏறியதெல்லாம் குழாயில் ஏறியது.

மறுநாள் காலை சகாயம் தண்ணீர் பிடிக்கப் போனார். டேப்பைப் பிடித்த கையை எடுக்க முடியவில்லை. செபஸ்தி ஓடிப்போய் மெயினை இறக்கும்போது சகாயத்துக்கு மூச்சு இல்லை.

4. ஒட்டு

அடக்கம் முடிந்த பிறகு அருளப்பனே கூப்பிட்டார். காட்டுக்குள் ஏணியைச் சாத்தி அவரே பிடித்துக்கொண்டு நின்றார். நான் மேலே ஏறி அறுந்த நியூட்ரலைச் சேர்த்து முறுக்கினேன். ஒரு டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

“இன்னும் ஏதாச்சும் கம்பி வேணுமாப்பா?” கீழேயிருந்து கேட்டார். “பழசா இருக்கே. புதுசே இழுத்துருவமா? இந்த மரத்த வேணாலும் வெட்டிருவம்.”

நான் ஏணியை விட்டு இறங்கி ஷெட்டுக்கு நடந்தேன்.

ஷெட்டில் பன்னிரண்டு பல்புகளும் கண் கூசும்படி எரிந்தன. குஞ்சுகள் குவியல் கலைந்து பரவ ஆரம்பித்தன. செபஸ்தி அவற்றைப் பார்க்கவில்லை. குழாயின் பக்கத்தில் நின்றார்.

“இப்ப எம்புட்டுண்ணே?”

குழாயில் சுற்றியிருந்த ஒயரைக் கழற்றி எறிந்துவிட்டு மீட்டரை வைத்தேன். “ஜீரோ.”

“நல்லாப் பாருங்க.”

“ஜீரோதான் செபஸ்தி.”

செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். வெறுங்காலோடு நின்று, குழாயை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தார். வெகு நேரம் எடுக்கவே இல்லை. அருளப்பன் ஏணியோடு வேலி ஓரமாக நின்றார், உள்ளே வரலாமா என்று தெரியாமல்.

தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். பல்பு மங்குகிறது என்று யாராவது கூப்பிட்டால் பல்பைப் பார்க்காதீர்கள். வோல்டேஜ் எங்கேயும் தொலைந்து போவதில்லை. வீட்டில் யாரோ கை வைக்கிற ஓர் இரும்பில் அது ஏறி உட்கார்ந்திருக்கும். அந்த இரும்பைக் கண்டுபிடித்த பிறகு வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.