அன்னபாக்கியத்தின் நெருஞ்சிக் கசாயம்

அக்கராயன் குளத்துக்குக் கீழே காடு வெட்டிக் குடியேறிய அந்த ஐம்பதுகள்! யானைக்கு வெடி கொளுத்தி நெல்லைக் காத்த காலம். அன்னபாக்கியத்துக்கு அப்போது இருந்த சொத்து ஒரு மண்வீடு, ஒரு சோடி மாடு, ஒரு புருசன். அந்தப் புருசன் சிற்றம்பலம் சரியான கருவாட்டுப் பைத்தியம். கருவாட்டுக் குழம்பு இல்லாவிட்டால் மனுசனுக்குச் சோறு இறங்காது.

ஒரு மாசியில் அவருடைய முகம் ஊதியது. பிறகு கால்கள். விரலால் அமத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. தனியே ஆசுபத்திரிக்குப் போய் வந்தவர், "சிறுநீரகத்திலை அழற்சியாம், மருந்து தந்தவை" என்றதோடு வாயை மூடிக்கொண்டார்.

அன்னபாக்கியம் பயந்துபோனாள். இந்தக் காட்டில் இவர் போனால் அவளுக்கு ஆர்? வரம்போரத்து நெருஞ்சியை முள்ளும் வேருமாகப் பிடுங்கி, இடித்து, வற்றக் காய்ச்சிக் காலையும் மாலையும் பருக்கினாள். வற்றாப்பளை அம்மனுக்கும் நேர்ந்தாள்: "தாயே, இவரை எழுப்பிவிடு. வைகாசிப் பொங்கலுக்கு வாறன். அதுவரைக்கும் நான் உப்புத் தொடமாட்டன்."

வீட்டில் உலை ஒன்றுதான். அவள் உப்பை விட்டால் அவருக்கும் உப்பில்லைத்தானே! சிற்றம்பலம் முகத்தைச் சுளித்துச் சுளித்து விழுங்கினார்.

வீக்கம் வடிந்தது. அன்னபாக்கியத்துக்குத் தலைகால் தெரியவில்லை. "எல்லாம் என்ரை நெருஞ்சி செய்த வேலை. ஆசுபத்திரித் தண்ணி மருந்து என்ன கிழிச்சது?" என்று போவோர் வருவோருக்கெல்லாம் சொன்னாள். கேட்டவர்களும் நெருஞ்சி தேடி அலைந்தார்கள்.

வைகாசியில் வண்டில் கட்டிப் போய்ப் பொங்கி நேர்த்தியை முடித்தார்கள். வீடு வந்ததும் ஆசை தீரக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். மனுசன் சட்டியை வழித்துத் தின்றார். அடுத்தடுத்த நாளும் அதே குழம்புதான்.

கிழமை திரும்பமுன் முகம் மறுபடி ஊதியது. கசாயத்தைக் கூட்டினாள். வீக்கமும் கூடியது. அன்னபாக்கியம் அடுப்படியில் குந்தி யோசித்தாள். அதே வரம்பு, அதே நெருஞ்சி, அதே பானை. பிறகென்ன கேடு? உப்புச் சிரட்டை கண்ணில் பட்டது. எழுந்து புருசனிடம் ஓடினாள்.

"இஞ்சருங்கோ, ஆசுபத்திரியிலை உப்பைப் பற்றி ஏதும் சொன்னவையே?"

சிற்றம்பலம் முகட்டைப் பார்த்தார். "ஓம். உப்பும் கருவாடும் தொடக்கூடாதாம்."

"ஐயோ பாவி மனுசா! ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ குழம்பு வைக்கமாட்டியே!"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தன. அப்போதே கருவாட்டுப் பெட்டியைத் தூக்கிப்போய் அயல்வீட்டில் கொடுத்தாள். உப்பும் வீட்டைவிட்டுப் போனது. பின்னாளில், நெருஞ்சி உதவியதா, உப்பை விட்டது உதவியதா என்று கேட்பவர்களிடம், "நெருஞ்சியைப் பற்றி எனக்குத் தெரியாது பிள்ளை. முதல்லை உப்பை விடு" என்பாள்.

அன்று பொழுதுபட, உப்பில்லாச் சோற்றை இரண்டு கோப்பையில் போட்டாள். "உனக்கு ஏன்? நேர்த்திதான் முடிஞ்சுதே" என்றார் அவர்.

"நீங்கள் தின்னாததை நான் எப்பிடித் தின்னுறது?"

சிற்றம்பலம் ஒரு வாய் அள்ளி வைத்தார். நெடுநேரம் மென்றார். "நல்ல ருசியாய்த்தான் இருக்கு" என்றார். பச்சைப் பொய். அன்னபாக்கியம் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு அகப்பை போட்டாள்.