வருகிறார், வரவில்லை, தெரியவில்லை

பெரியம்மா சந்தியில் வேனுக்காக நின்றுகொண்டிருந்தபோதே, அவர் வரவில்லை என்று எங்கள் மென்பொருள் முடிவு கட்டிவிட்டது.

பதுளைக் கடைவீதியில் ஒரு மாடி அறையில்தான் எனக்கு வேலை. சிறுநீரக நோயாளிகளைத் தோட்டங்களிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகும் இலவச வேன் ஒன்றுக்காக, எங்கள் சிறு குழு இரண்டு மென்பொருள் முகவர்களைச் செய்திருந்தது. ஒன்று நோயாளிகளின் போனுக்குச் செய்தி அனுப்பி, வருகிறார்களா என்று கேட்கும். கிடைத்த பதிலை மற்றதிடம் சொல்லும். மற்றது, வேன் எந்தெந்தச் சந்தியில் நிற்க வேண்டும் என்று டிரைவருக்குச் சொல்லும். அவை தங்களுக்குள் பேச இரண்டே சொற்கள்தான்: வருகிறார், வரவில்லை. பதில் கிடைக்காவிட்டால் 'வரவில்லை' என்று விதி எழுதியவர் கொழும்பிலிருக்கும் எங்கள் குழுத் தலைவர்.

பெரியம்மா ஹாலிஎலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் தனியாக இருக்கிறார். மகனுக்குக் கொழும்பில் கடை வேலை. இரத்தம் சுத்தம் செய்வது ஒரு முறை தவறினாலே அவருக்குக் காலில் நீர் கட்டும், மூச்சு முட்டும். அன்று வெயில் ஏறும்வரை நின்று பார்த்துவிட்டுத் தன் லயத்து வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார். சாயங்காலம்தான் எனக்குப் போன் எடுத்தார்.

"ஏன் புள்ள, வேன் பழுதாப் போச்சா?"

"மெசேஜுக்கு ஏன் பெரியம்மா பதில் போடல?"

"நான் எப்பவும் வாறவதானே. வராட்டித்தானே சொல்லணும்?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் தோட்டங்களில் வழக்கமே அதுதான். காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு வர முடியாதவர்தான் சொல்லி அனுப்புவார். வேலைக்கு வருகிறவர் வந்து நிற்பார், அவ்வளவுதான். வருகிறேன் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லச் சொன்னால், நம்மை நம்பவில்லை போல என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள்.

ஆஸ்பத்திரியில் விசாரித்தேன். அடுத்த முறைவரை இயந்திரம் காலியில்லை, மூச்சு முட்டினால் உடனே கூட்டி வாருங்கள் என்றார்கள். பெரியம்மாவோ தனக்கு ஒன்றுமில்லை என்றே சாதித்தார்.

மறுநாள் முகவர்கள் இரண்டும் பேசிக்கொண்டதைத் திறந்து வாசித்தேன். ஒரு பிழைகூட இல்லை. ஒன்று கேட்டது, காத்திருந்தது, மறுபடி கேட்டது, பிறகு 'வரவில்லை' என்றது. மற்றது 'சரி' என்றது. என்ன ஒரு மரியாதை. ஒரு வாய்த் தகராறுகூட இல்லாமல் ஒரு மனுஷியை ரோட்டில் விட்டுவிட்டன.

"விதிப்படிதானே ஓடியிருக்கு?" என்றார் தலைவர் போனில்.

"அப்ப அந்த விதியத் தூக்கி அடுப்புல போடுங்க" என்றேன்.

பதில் இல்லையென்றால் வருகிறார் என்றே வைப்போம் என்பது என் கட்சி. அப்படியானால் வராதவருக்காக வேன் காத்துக் கிடக்கும், உள்ளே இருக்கும் நோயாளிகளின் முறை போய்விடும் என்பது அவர் கட்சி. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வந்தது. சண்டை ஓய்ந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. கேட்கிற முகவருக்கு உண்மையில் எதுவுமே தெரியாது. தெரியாது என்று சொல்ல நாங்கள் அதற்கு ஒரு சொல் கொடுக்கவில்லை. அதனால் தெரியாததைத் தெரிந்ததுபோல் மற்றதிடம் சொல்லிவிட்டது. 'தெரியவில்லை' என்பதை மூன்றாவது சொல்லாகச் சேர்த்தோம். அது வந்தால் டிரைவர் சந்தியில் பார்க்க வேண்டும். அங்கே ஆள் இல்லையென்றால் வீடுவரை போய்ப் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை வந்தது. காலையில் பெரியம்மாவிடமிருந்து பதில் இல்லை. நானும் போன் அடித்தேன், எடுக்கவில்லை. சந்திக்கு இறங்கியிருப்பார் என்று நினைத்து, நிம்மதியாகத் தேநீர் ஊற்றினேன். அப்போது டிரைவர் பேசினார். பதுளை டவுனைச் சேர்ந்த முஸ்லிம். எங்கள் எல்லோருக்கும் அவர் நானா, அண்ணன் மாதிரி.

"தங்கச்சி, இங்க ஒருத்தரும் இல்ல. உங்கட மெஷின் தெரியாதுண்டு சொல்லுது. நான் மேல போய்ப் பாக்குறேன்."

லயத்துக் கதவு உள்ளே தாழிட்டிருந்ததாம். பக்கத்து வீட்டுக்காரர்களோடு சேர்ந்து தள்ளித் திறந்திருக்கிறார். பெரியம்மா கால் இரண்டும் வீங்கி, பேச மூச்சில்லாமல் பாயில் கிடந்தார். தூக்கிக்கொண்டு வந்து வேனில் ஏற்றினார்கள். தலைவரின் விதிப்படி வேன் அந்தச் சந்தியில் நின்றே இருக்காது. என் விதிப்படி, கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் போயிருக்கும்.

மத்தியானம் வார்டுக்குப் போனேன். கையில் ஊசியோடு படுத்திருந்தவர் கண்ணைத் திறந்தார்.

"பதில் போடலன்னு கோவிச்சுக்கிட்டியா புள்ள?"

"இல்ல பெரியம்மா" என்றேன். "பதில் வரலன்னுதான் தேடி வந்தாங்க."