எல்லைக்கு வேண்டிய தேங்காய்

நமுனுகுலயிலிருந்து பதுளைக்கு இறங்கும் பஸ். பக்கத்து இருக்கையில் இருக்கும் அம்மா மடியில் ஒரு தேங்காயை வைத்துக்கொண்டு, கையிலிருக்கும் போனையே பார்த்தபடி இருக்கிறார்.

“தேங்கா எதுக்குங்க?” என்று கேட்கிறேன்.

“மகன் ருமேனியாவுல, மருமக இத்தாலியில. கல்யாணம் முடிஞ்சி போனதுங்க, விசா கெடைக்காம இன்னும் மொகம் பாக்கல. இப்ப பாஸ்போட் பாக்காம போற ஐரோப்பா நாடுங்களோட ருமேனியாவையும் சேத்துட்டாங்களாம், எல்லையில யாரும் மறிக்க மாட்டாங்களாம். ராத்திரியே பஸ் ஏறிட்டான். தாண்டுனதும் ஒடைக்கிறேன்னு வேண்டியிருக்கேன்.”

போன் அடிக்கிறது. ஸ்பீக்கரில் போடுகிறார்.

“ராசா, பாஸ்போட் கேட்டாங்களா?”

“யாருமே கேக்கலம்மா. பஸ் நிக்கவேயில்ல. நான் தூங்கிட்டேன், முழிச்சிப் பாத்தா ஹங்கேரி.”

அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. “நல்லாப் பாத்தியா?”

“ஆமாம்மா. இத்தாலிக்கு இன்னும் ரெண்டு எல்லை இருக்கு. அதுவும் இப்பிடித்தானாம்.”

பிள்ளையார் கோயில் வளைவில், உண்டியலில் காசு போட டிரைவர் பஸ்ஸை நிறுத்துகிறார். அம்மா இறங்கி, தேங்காயைத் தலைக்கு மேலே தூக்குகிறார்.

“மூணு எல்லைக்கும் சேத்து இது ஒண்ணுதான், பிள்ளையாரே. அவனத்தான் யாரும் நிப்பாட்டலையே!”