ஏலக்காட்டுப் பலகை

சாயங்காலம் ஜீப்பு வந்து தெருமுனையில் நின்றதும் முதலில் எங்கள் வீடுவரை வந்து சேர்வது அதன் வாசனைதான். ஈரச் சாக்கு, டீசல், பச்சை ஏலக்காய், அத்தனைக்கும் அடியில் மூக்குக்குள் ஒட்டிக்கொள்ளும் பூச்சிமருந்தின் நெடி. அதற்குப் பிறகுதான் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி இறங்குவார்கள். போடிநாயக்கனூரில் எங்கள் தெருவில் பாதி வீட்டுப் பெண்கள் விடியுமுன் அந்த ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வளைவுகளைத் தாண்டி, கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த ஏலத்தோட்டங்களுக்குக் "காய் எடுக்க"ப் போய்வந்தவர்கள். என் அம்மா பேச்சியம்மாளும் அவர்களில் ஒருத்தி. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை, தூரில் மண்ணோடு கிடக்கும் சரத்தில்தான் காய்க்கும் என்பதால், நாள் முழுக்கக் குத்தவைத்தபடியே நகர்ந்து பறிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து வெகுநேரமான பிறகும் அம்மாவின் முதுகு முழுதாக நிமிர்ந்திருக்காது.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் தெருச் சாவடியில் பெரியவர்களுக்கென்று எழுத்தறிவு வகுப்பு ஒன்று தொடங்கினார்கள். கடைவீதியில் ஏலமும் மிளகும் வியாபாரம் செய்த குடும்பத்துப் பெண்ணான ஜெசிந்தா அக்கா, கல்லூரியை முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், சம்பளமில்லாமல் பாடம் நடத்த வந்திருந்தார். ஜீப்பு வந்து, அடுப்பு மூட்டி, உலையும் வைத்தான பிறகு, தலையில் இன்னும் செடிச் சருகு ஒட்டிக்கொண்டிருக்க, பெண்கள் சிலேட்டைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு சாவடிக்குப் போவார்கள். ஏன் மறைத்தார்கள் என்று கேட்டால், வழியெல்லாம் கேலிதான். லாரிகளில் லோடு ஏற்றும் வேலை பார்த்த எங்கள் அய்யா, "நீ படிச்சுட்டு வந்து ஜில்லாவ ஆளப்போறயாக்கும், மொதல்ல கொழம்புக்கு உப்பப் போடு" என்பார். அவர் கெட்ட மனிதரில்லை, ஆனால் அம்மாவைச் சிரிக்கவைக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அவளைக் கேலி செய்வதுதான்; அவள் சிரிக்கவில்லை என்பதை அவர் கடைசிவரை கவனிக்கவில்லை.

அம்மாவுக்குப் படிப்பு லேசில் வரவில்லை. காய் பறித்துக் காய்த்துப்போன விரல்களுக்குள் பலப்பம் நிற்காது, அழுத்தினால் ஒடியும். சாவடித் தரையில் எல்லோரும் சம்மணம் போட்டு உட்கார, அம்மா மட்டும் செடித் தூரில் உட்காருகிற மாதிரியே குத்தவைத்து, சிலேட்டைக் காலடியில் வைத்துக்கொண்டு குனிந்து எழுதுவாள். ஜெசிந்தா அக்கா ஒருநாளும் அவளைத் திருத்தி உட்காரச் சொன்னதில்லை. இப்போது இதே வேலையை நான் செய்கிறேன், ஊர் ஊராகப் போய் வளரிளம் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுப்பவர்களைப் பயிற்றுவிக்கிறேன். இத்தனை பயிற்சிப் பட்டறைகளுக்குப் பிறகும் அந்த அக்காவைவிட நல்ல வாத்தியாரை நான் பார்க்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

அந்த வருடம் மழைக்கு முன்னால் அம்மாவுக்கு எழுத்து கூடிவந்துவிட்டது. கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டு வாசித்தாள். சைக்கிள் கடைப் பலகை, சுவரில் எழுதிய சோப்பு விளம்பரம், செத்துப்போனவருக்கு ஒட்டிய கண்ணீர் அஞ்சலி என எதையும் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாரத்தில் இருந்த சித்தி வீட்டுக்குப் போக என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். அதுவரை பஸ்சுக்குப் பஸ்சு ஓடி, "அண்ணே, இது தேவாரம் போகுமா, அண்ணே, இது போகுமா" என்று கேட்டுத்தான் ஏறுவோம். சில கண்டக்டர்கள் பதில் சொல்லாமல் வேறெங்கோ பார்ப்பார்கள். அன்றைக்கு அம்மா ஒரு பஸ்சுக்கு நேர் எதிரே போய் நின்று, தலையை அண்ணாந்து, உதடு அசைய, தே, வா, ர, ம் என்று கூட்டி வாசித்துவிட்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல் படியேறிப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எங்கே போகணும் என்று கண்டக்டர் கேட்டதற்கு, "தேவாரம்னுதான போட்ருக்கீக, அங்கதான்" என்றாள். அவள் குரலில் அப்படியொரு மிதப்பை நான் அதற்குமுன் கேட்டதில்லை, பிறகும் கேட்கவில்லை.

மழை பிடித்த ஒரு வாரத்தில் அவள் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டாள். ஒரு சாயங்காலம் ஜீப்பிலிருந்து இறங்கியவள் நேரே உள்ளே வந்து, சிலேட்டை எடுத்துத் தண்ணீர்ப் பானைக்கு மூடியாகப் போட்டாள். ஜெசிந்தா அக்கா தேடிக்கொண்டு வந்து வாசலில் நின்றபோது, "சோலி கெடக்கு டீச்சர், நாளைக்கு வர்றேன்" என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். அக்கா பலநாள் வந்து பார்த்துவிட்டு, "நல்லாப் படிச்சீங்களே அக்கா, என்ன ஆச்சு?" என்று கேட்டபோது, "மண்டையில ஏறல டீச்சர். படிச்சது பூராம் மறந்துபோச்சு" என்று சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்துக் கூட்டத் தொடங்கிவிட்டாள். அதோடு வகுப்பு முடிந்தது. அடுத்த தை மாதம் அக்காவும் கல்யாணமாகிப் போனார். சாவடி வகுப்பும் ஓய்ந்தது. அய்யாதான், "வயசுக்கு வரப்போற புள்ளைய வச்சுக்கிட்டு இவளுக்கு எதுக்கு எழுத்து, விட்டுத்தள்ளு" என்று எல்லோருக்கும் சேர்த்து முடிவைச் சொன்னார்.

நாங்கள் நடத்தும் பயிற்சிகளில் பெரியவர்கள் வகுப்பை விட்டு ஏன் நின்றுபோகிறார்கள் என்பதற்கு ஒரு தனிப் பாடமே உண்டு. வீட்டு வேலை, வெளியூர் பிழைப்பு, உடம்புக்கு முடியாமை, இவை எதிலும் அடங்காதவர்களுக்கு "ஆர்வமின்மை". என் அம்மாவை அந்தக் கடைசிச் சொல்லில்தான் நானும் வெகுகாலம் போட்டுவைத்திருந்தேன். பானை மேல் கிடந்த சிலேட்டுக்கு வேறு காரணம் எனக்குத் தெரியாது.

தெரிந்தது போன வருடம்தான். அம்மாவோடு சேர்ந்து காய் எடுத்த செல்லத்தாயி, கடைசிக் காலத்தில் மகனோடு மலையிலேயே தங்கிவிட்டவர், இறந்துபோனார். துட்டிக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு காரில் போனேன். திரும்பும் வழியில் ஒரு தோட்டத்தின் கம்பிவேலிக்குப் பக்கத்தில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கியவள், வேலியில் கட்டியிருந்த ஒரு தகரப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மருந்து அடித்திருக்கிறது, உள்ளே போகக்கூடாது என்று மலையாளத்தில் எழுதியிருந்தது.

"இந்தா, இதுதான். இந்த எழுத்துதான் எனக்கு வராமப் போச்சு" என்றாள்.

பிறகு மெதுவாகச் சொன்னாள். அந்த மழைக்காலத்தில் அவள் வேலை செய்த தோட்டத்தில் இதுபோல ஒரு பலகை புதிதாகக் கட்டியிருந்தார்களாம். ஜீப்பில் வந்த பெண்கள் அத்தனை பேரும் அவளை முன்னால் தள்ளி, "நீதான் படிக்கிறயே மதினி, என்ன எழுதியிருக்குன்னு வாசி" என்று சூழ்ந்து நின்றிருக்கிறார்கள். அவள் பார்த்திருக்கிறாள். ஒன்றிரண்டு எழுத்து தெரிந்த மாதிரியும் இருந்திருக்கிறது, கூட்டினால் வார்த்தை வரவில்லை. செல்லத்தாயிதான் முதலில் சிரித்தாராம். பிறகு மேற்பார்வைக்காரர் வந்து, பலகையைக் காட்டி, "மருந்து அடிச்சிட்டுண்டு, கேறண்டா" என்று விரட்டிவிட்டுப் போனாராம். ஆக, அவர் ஒரு மூச்சில் படித்துவிட்டதைத் தன்னால் படிக்க முடியவில்லை, இத்தனை மாதம் படித்ததும் ஒரே மழையில் கரைந்துவிட்டது என்று அவள் முடிவு செய்திருக்கிறாள்.

"எம்மா, அது மலையாளத்து எழுத்து. அது வேற, நீ படிச்சது வேற. எனக்கே அது தனியாப் படிச்சுத்தான் வந்துச்சு" என்றேன்.

மலையாளத்தை அவள் நாள்பூராவும் கேட்டாள், அரைகுறையாகப் பேசவும் செய்தாள். ஆனால் பேச்சு மாறினால் எழுத்தும் மாறும் என்று அவளுக்குச் சொல்ல யாருமில்லை. எழுத்து என்றால் ஒரே எழுத்துதான், அது சாவடியில் சொல்லிக்கொடுக்கிற எழுத்து என்றுதான் அவளும் அந்த ஜீப்பில் வந்தவர்களும் நினைத்திருந்தார்கள்.

"அப்ப நான் மறக்கலயா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

காருக்குள் ஏறி உட்கார்ந்த பிறகு, "இத அன்னைக்கே யாராச்சும் சொல்லியிருக்கலாம்ல" என்றாள். எனக்கு ஆத்திரமாக வந்தது, ஆனால் யார் மேல் ஆத்திரப்படுவது என்று தெரியவில்லை. கீழே வகுப்பெடுத்தவர்கள் மலைக்கு வந்ததில்லை, மலையில் பலகை கட்டியவர்கள் இந்தப் பெண்களால் படிக்க முடியுமா என்று நினைத்துப் பார்த்ததில்லை.

ஊருக்கு வந்ததும் ஒரு சிலேட்டு வாங்கி, அம்மாவின் முன்னால் வைத்து, தேவாரம் என்று பெரிதாக எழுதிக் காட்டினேன். ஆபரேஷன் செய்த கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள். விரலால் தடவினாள். "இதுவும் மலையாளமா ஆத்தா?" என்று கேட்டாள். சிலேட்டை நான் அழித்துவிட்டேன்.

எங்கள் பயிற்சிக் கூட்டம் ஒன்றில், மலைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு முதல் வகுப்பிலேயே வேறு எழுத்துகளையும் காட்டி, இதெல்லாம் வேற பாஷை, படிக்க வராவிட்டால் உங்கள் தப்பில்லை என்று சொல்லிவிட வேண்டும் என்றேன். நல்ல யோசனை என்று எல்லோரும் தலையாட்டினார்கள். பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை என்றும் சொன்னார்கள். இப்போது ராசிங்காபுரத்தில் என் மேற்பார்வையில் ஒரு வகுப்பு நடக்கிறது. ஜீப்பு தாமதமாக வரும் நாட்களில் அங்கே பாயும் பலகையும் மட்டும் இருக்கும். மலையில் இப்போது வடக்கேயிருந்து வந்தவர்களும் காய் எடுக்கிறார்கள், அவர்களுக்கு எந்த எழுத்தைச் சொல்லிக்கொடுப்பது என்று யாரும் கேட்பதுகூட இல்லை. வேலியில் அதே தகரப் பலகைகள் தொங்குகின்றன.

எங்கள் தெருச் சாவடியை இடித்துக் கடை கட்டிவிட்டார்கள். ஜெசிந்தா அக்கா எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியவில்லை, தெரிந்தால் போய், அம்மா படித்தது அப்போது மறக்கவில்லை என்று அவருக்காவது சொல்லலாம். பஸ்சுகளில் பெயிண்டில் எழுதிய ஊர்ப்பலகைகள் போய், மின்விளக்கில் ஓடும் எழுத்துகள் வந்துவிட்டன. போன மாதம் சித்தியைப் பார்க்க அம்மாவோடு பஸ் ஸ்டாண்டில் நின்றேன். நான் தண்ணீர் பாட்டில் வாங்கத் திரும்பிய நேரத்தில் பஸ்சு வந்து நின்றது. அதன் நெற்றியில் தேவாரம், தேவாரம் என்று சிவப்பாக ஓடிக்கொண்டிருக்க, அம்மா அதன் நேர் கீழே நின்றுகொண்டு பக்கத்தில் இருந்த ஒருவரின் கையைத் தொட்டு, "அப்பு, இது தேவாரம் போகுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.